பேச்சுச் சிகிச்சை: கணினித் திரையும் எமது வீட்டுத் தமிழும்

பிரித்தானியாவில் பேச்சு, மொழிச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு, "வீட்டிலிருந்தபடியே இணையம் ஊடாகச் சந்திக்கலாம்" என்று கடிதம் வருவது இன்று புதிதல்ல. 2020இல் கோவிட் முடக்கத்தின்போது வேகமாகப் பரவிய இம்முறை, நேரடிச் சிகிச்சையோடு சேர்ந்து இன்றும் பல இடங்களில் தொடர்கிறது. ஆனால் எம்மவரில் பலர் இதனை இரண்டாந்தரச் சேவையாகவே கருதுகின்றனர். "கொம்பியூட்டரில் என்ன வைத்தியம்?" என்று கேட்டு, நேரில் சந்திப்பதற்காக மேலும் மாதக்கணக்கில் காத்திருக்கின்றனர். வளரும் பிள்ளைக்கு அந்த மாதங்கள் பெறுமதியானவை. எனவே இதனை யோசியாமல் மறுப்பது சரியல்ல என்பதே எமது கருத்து.

பேச்சுச் சிகிச்சை ஊசியோ குளிசையோ அல்ல. சிகிச்சையாளருடன் இருப்பது சிறிது நேரமே; மிகுதிப் பயிற்சி முழுவதும் வீட்டில்தான். திக்கிப் பேசும் சிறு பிள்ளைகளுக்காக அவுஸ்திரேலியாவில் உருவான லிட்கம் முறையில், சிகிச்சையாளர் பெற்றோருக்குக் கற்பிக்கிறார். பிள்ளைக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் பெற்றோரே. இதனை வெப்காம் மூலம் பெற்ற பிள்ளைகளும் நேரில் பெற்ற பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரேயளவு பயன் பெற்றதாக 2016இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பார்க்கின்சன் நோயால் குரல் தணிந்த முதியோருக்கான எல்.எஸ்.வி.ரி. லவுட் பயிற்சியோ நான்கு வாரங்களில் 16 சந்திப்புகளைக் கொண்டது. மாரிக் குளிரில் தாத்தாவை 16 தடவை பஸ்ஸில் ஏற்றி இறக்குவதிலும் வீட்டிலிருந்தே செய்விப்பது மேல் அல்லவா?

எமக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கிளினிக்கில் அந்நியர் முன் வாய் திறவாத பிள்ளை, வீட்டில் அம்மம்மாவுடன் தமிழில் கதைக்கும். அந்தப் பேச்சையும் சிகிச்சையாளர் கேட்க வேண்டும். உண்மையான மொழி வளர்ச்சிக் குறைபாடு இருந்தால் அது பிள்ளையின் இரண்டு மொழிகளிலும் தெரியும். ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறினால், அந்த மொழியை இன்னும் போதியளவு கேட்டுப் பழகவில்லை என்பதே காரணமாக இருக்கலாம். "தமிழை நிறுத்துங்கள், பிள்ளை குழம்புகிறது" என்ற அறிவுரையை உறவினரும் சிலவேளை ஆசிரியரும் சொல்வதுண்டு. இரண்டு மொழி பேசுவதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. தமிழை நிறுத்தினால் பேரப்பிள்ளைக்கும் அம்மம்மாவுக்கும் இடையிலான பேச்சுத்தான் நின்றுபோகும்.

ஆகவே சந்திப்புக்கு முன்பே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். என்.எச்.எஸ். இதனை இலவசமாக ஒழுங்கு செய்யும். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். பிள்ளை தமிழில் சொல்லும் சொற்களை எழுதி வையுங்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சில் பெரியவர்களே 'பழம்' என்பதைப் 'பளம்' என்கிறோம். ஆங்கில 'வீ', 'டபிள்யூ' ஒலிகளை ஒன்றுபோல் உச்சரிப்பதும் எமது வீடுகளில் சாதாரணம். இவை பிள்ளையின் குறைபாடுகள் அல்ல என்பதைச் சிகிச்சையாளருக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியை நிறுத்தி, அமைதியான அறையில் அமருங்கள். இணைப்பு மோசமானால் 'ஸ்', 'ஷ்' போன்ற ஒலிகள் தெளிவாகக் கேளாது.

எல்லாவற்றுக்கும் திரை போதாது. பேச்சுத் தாமதமான பிள்ளையின் செவிப்புலனை நேரில் பரிசோதிக்க வேண்டும். பாரிசவாதத்தின் பின் உணவு விழுங்கும்போது புரையேறினால், இணையச் சந்திப்புக்குக் காத்திராமல் உடனே வைத்தியரிடம் கூறுங்கள். திரை முன் இருக்கவே முடியாத பிள்ளைக்கு நேரடிச் சந்திப்பை வற்புறுத்திக் கேட்கத் தயங்காதீர்கள். பணம் கொடுத்துத் தனியாரிடம் செல்வோர், அவரது பெயர் எச்.சி.பி.சி. பதிவேட்டில் உள்ளதா என முதலில் பாருங்கள். அதனை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

பிள்ளையின் பேச்சில் ஐயம் இருந்தால் ஹெல்த் விசிட்டரிடமோ ஜீ.பி.யிடமோ இன்றே கேளுங்கள். பல இடங்களில் பெற்றோரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். கணினி பழக்கமில்லாத முதியோருக்கு முதல் சந்திப்பன்று இணைப்பை ஏற்படுத்திக் கொடுக்க எமது இளையோர் முன்வர வேண்டும். அரை மணி நேர உதவிதான். ஆனால் பாரிசவாதத்தால் பேச்சிழந்த ஒருவருக்கு மீண்டும் தன் வாயால் தண்ணீர் கேட்கும் வழியை அது திறந்துவிடக்கூடும்.