சொல்லை நீக்கினால் இழிவு நீங்குமா?

பாடப்புத்தகத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துவிட்டால் சமூகத்திலிருந்து இழிவும் போய்விடும் என்று நம்புகிறவர்களை நாம் சில கேள்விகள் கேட்க விரும்புகிறோம்.

அப்துல்லா ஹுசேன் எழுதி 1971-ல் வெளிவந்த ‘இண்டர்லோக்’ என்னும் மலாய் நாவல், 2011-ல் நம் நெகிரி செம்பிலான் உள்ளிட்ட பகுதிகளில் ஐந்தாம் படிவத்துக்குப் பாடமாக வைக்கப்பட்டது. அதில் வரும் மணியமும் உடன் வந்த கூலிகளும் ‘பரியா’ என்னும் ஒரே ஜாதியினர் என்று அந்நூல் கூறிற்று. நம்மவர் கொதித்தெழுந்தனர். முதலில் திருத்துவதாகச் சொன்ன அரசாங்கம், அவ்வருஷக் கடைசியில் நூலையே திரும்பப் பெற்றுக்கொண்டது. வெற்றி, வெற்றி என்றோம்.

நூல் சொன்னது தவறு என்பதில் ஐயமில்லை. வன்னியர், கவுண்டர், கள்ளர், ஆதிதிராவிடர் எனப் பல வகுப்பாரும் இங்கு கப்பலேறி வந்தவர்களே. ஆனால் நம்மில் பலருக்கு ஆத்திரம் வந்தது அந்தத் தவறுக்காகவா? “எங்களையா அந்த ஜாதி என்பது?” என்பதற்காகவன்றோ! அந்த ஜாதியில் பிறந்த பிள்ளையும் அதே வகுப்பில்தானே உட்கார்ந்திருந்தது? அதற்கு நாம் கற்பித்த பாடம் என்ன?

பறை என்னும் கருவியையொட்டிய ஒரு பெயரை இழிசொல்லாக்கியவர்கள் யார்? ஐரோப்பியர் அதைக் கேட்டறிந்தது நம் ஊரில்தான். தெருநாய்க்கும் அப்பெயரை இட்டார்கள். மலாய்க்காரர் வாயில் அது வருமுன்னே நம் வாயில் இருந்தது. முற்காலத் தோட்டங்கள் சிலவற்றில் லயங்களே ஜாதிவாரியாகப் பிரிந்து நின்றன. இன்றும் பெண் கொடுக்கும்போது ஜாதி கேட்காத வீடு எத்தனை?

இனி மற்றொன்று. தோட்ட ஆபீசில் செக்ரோல் எழுதும் நாம் இன்று பதிவது பெரும்பாலும் இந்தோனேசியர், வங்கதேசத்தவர் பெயர்களையே. ‘கெலிங்’ என்று நம்மைச் சொன்னால் சீறுகிறோமே, ‘பங்களா’ என்று அவர்களை ஏளனமாய் அழைக்கும்போது அந்த மானம் எங்கே போயிற்று?

ஆகவே, நாவலை எடுத்ததோடு கடமை முடிந்ததென்பது வீண் பேச்சு. மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் ஒன்றாக அமரும் வகுப்பில், ஜாதி எவ்வாறு உண்டாயிற்று, அதனால் இலாபமடைந்தவர் யார், ஒவ்வோர் இனமும் அயலாரை என்ன பெயரிட்டு இழிவு செய்கிறது என்பவற்றை ஒளிக்காமல் கற்பிக்க வேண்டும். அதற்கு ஆசிரியரைப் பயிற்ற வேண்டும். முதலில் அப்பாடத்தைப் படிக்க வேண்டியவர்கள் பெற்றோராகிய நாமே என்பதையும் சொல்லிவைக்கிறோம்.