ஒரு 'எஸ்' விட்டுப்போனா அவ்வளவு சிரிப்பா?

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் சூடான பதிவு. இங்கிலீஷில் 'எஸ்' விட்டவனைப் பார்த்துச் சிரிக்கிற கூட்டத்துக்காக எழுதுகிறேன். நம்ம வகுப்பு ஆட்களும் இதில் சேர்த்தி.

ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து வந்து படிக்கும் நண்பன் ஒருவன், சரக்கு மதிப்பீடு பற்றிய செமினாரில் "டென் பேக் காபி" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் போட்ட கணக்கு சரியா தப்பா என்று கடைசிவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

அவனுக்கு அறிவு குறைவா? தமிழ் அதிகம், அவ்வளவுதான். சேலம் லீ பஜாரில் போய் "பத்து மூட்டைகள்" என்று கேட்டுப்பாருங்க, ஒரு மாதிரி பார்ப்பார்கள். "பத்து மூட்டை"தான் தமிழ். பத்து என்று சொல்லியாச்சு, அப்புறம் 'கள்' எதற்கு? மாடு வந்தது, மாடு வந்தன... பெயர் மாறவே இல்லை, எண்ணிக்கையை வினை சொல்லிவிடுகிறது. தொல்காப்பியமே இதற்கு வழிவிட்டிருக்கிறது. நன்னூல் 'பால்பகா அஃறிணைப் பெயர்' என்று பேரே வைத்திருக்கிறது.

இங்கிலீஷில் அந்தச் சலுகை கிடையாது. எண்ணக்கூடிய காமன் நவுன் என்றால், முன்னாடி 'டென்' வந்தாலும் பெயரிலும் அடையாளம் வேணும். நாம் எண்ணுவது மூட்டையை, காபியை அல்ல. அதனால் "டென் பேக்ஸ் ஆஃப் காபி". அதே காபியை ஏற்காடு ஏரிக்கரையில் ரெண்டு கப் வாங்கினால் "டூ காபீஸ்" என்பதும் சரி! (நமக்கு ஒருமையான சேர்வராயன் மலைக்கே 'ஷெவராய்ஸ்' என்று 'எஸ்' ஒட்டின மொழி அது.) இந்த வித்தியாசத்தைப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமும் ஒருத்தரும் எங்களுக்கு விளக்கவில்லை. சிகப்பு மையில் சுழித்ததோடு சரி.

அடுத்து 'ஷூஸ்கள்' கிண்டல். 'சில்ட்ரன்' மட்டும் என்னவாம்? 'சில்டர்' என்பதே பழைய பன்மை, அதன் தலையில் இன்னொரு பன்மை விகுதியை ஏற்றினார்கள். நாமும் அதையேதான் செய்தோம். 'அவர்' பன்மைதான், அது மரியாதைக்காக ஒருத்தருக்கே போய்விட்டதால் 'கள்' சேர்த்து 'அவர்கள்' ஆக்கினோம். இதற்கெல்லாம் யாரும் சிரிக்கக் காணோம்.

திருத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேலைக்கு இன்டர்வியூ போகிறவனுக்கு 'எஸ்' கட்டாயம் வேணும். காரணத்தைச் சொல்லித் திருத்துங்க, அரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்வான். அப்படியும் சிரித்தே ஆகணும் என்றால், பேலன்ஸ் ஷீட்டில் 'ஃபர்னிச்சர்ஸ்' என்று எழுதுகிற நம்ம காமர்ஸ் சிங்கங்களைப் பார்த்துச் சிரிங்க. அதற்கு 'எஸ்' வரவே வராது சாமி!