ரஷ்ய வயலை எழுப்பியது உணவுத் தடை அல்ல

மேற்கு நாடுகள் ரஷ்யாவை மண்டியிட வைக்கப் பார்த்தன, புதின் பதிலுக்கு ஐரோப்பிய உணவுக்குக் கதவைச் சாத்தினார், ரஷ்ய விவசாயம் தலைநிமிர்ந்தது, அந்நாடு உலகின் முதன்மைக் கோதுமை ஏற்றுமதியாளராகிவிட்டது. தொலைக்காட்சி விவாதங்களிலும் வாட்ஸ்அப் பகிர்வுகளிலும் இந்தக் கதை வேரூன்றிவிட்டது. இறக்குமதியை அடைத்தால் உழவர் பிழைப்பார் என்ற முடிவும் கூடவே வருகிறது. உழவர் பிழைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதனால்தான் இந்தக் கதை பொய் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

2014 மார்ச்சில் ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஜூலையில் உக்ரைன் வானில் மலேசியப் பயணிகள் விமானம் வீழ்த்தப்பட்டபின் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்ய வங்கிகள், எண்ணெய்த் தொழில்நுட்பம், ஆயுத வணிகம் ஆகியவற்றின் மீது தடைகளை இறுக்கின. ஆகஸ்ட் 6 அன்று புதின் ஆணையிட்டார். ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நார்வே ஆகியவற்றிலிருந்து இறைச்சி, மீன், பால், சீஸ், காய், கனி வரக்கூடாது. ஓராண்டுக்கு என்று தொடங்கிய அந்தத் தடை திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது.

கோதுமையிலிருந்து தொடங்கலாம். தடைப் பட்டியலில் கோதுமை இல்லவே இல்லை. 2000களின் தொடக்கத்திலேயே ரஷ்யா கோதுமை ஏற்றுமதி நாடாக மாறிவிட்டது. கருங்கடல் துறைமுகங்களில் போடப்பட்ட முதலீடும், கைவிடப்பட்ட நிலங்கள் மீண்டும் உழப்பட்டதும் அதற்குத் துணை நின்றன. பிறகு எண்ணெய் விலை சரிந்தது. 2014 தொடக்கத்தில் டாலருக்குச் சுமார் 33 ஆக இருந்த ரூபிள், 2016 தொடக்கத்தில் 75ஐத் தாண்டி வீழ்ந்தது. ரஷ்யக் கோதுமை வெளிநாட்டாருக்கு மலிவானது. 2016இல் கிடைத்த முதலிடத்துக்கும் ஐரோப்பிய ஆப்பிளைத் தடுத்ததற்கும் என்ன தொடர்பு?

கோழி, பன்றி இறைச்சியாவது தடையால் வளர்ந்தது என்பார்கள். 1990களில் ரஷ்யச் சந்தைகளை நிறைத்தவை அமெரிக்கக் கோழித் தொடைகள். மக்கள் அவற்றை ‘புஷ் கால்கள்’ என்றார்கள். அந்த நிலையை மாற்றியவை 2003இன் இறக்குமதி ஒதுக்கீடும், 2006 முதல் மானிய வட்டியில் பண்ணைகளுக்குக் கிடைத்த கடனும். 2010இலேயே உணவுப் பாதுகாப்புக் கோட்பாடு ஒன்றை அறிவித்து, இறைச்சியில் 85 சதவீதத் தன்னிறைவு என்று இலக்கு வைத்தார்கள். தடை வரும் முன்பே கோழியில் பெரும்பகுதி நிறைவேறிவிட்டது. உழவரைத் தூக்கிவிட விரும்பும் எந்த அரசும் பார்க்க வேண்டியது அந்தப் பத்தாண்டு உழைப்பைத்தான்.

தடையை நம்பி நின்றது பால். தடைக்கு முன் ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டன் கறந்த நாடு, ஐந்தாண்டு கழித்தும் ஏறத்தாழ அவ்வளவே கறந்தது. கன்று வளர்ந்து ஈன்று பால் தர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். 2014 டிசம்பரில் மத்திய வங்கியின் வட்டி விகிதமோ 17 சதவீதம். அந்த வட்டிக்குக் கடன் வாங்கித் தொழுவம் கட்டுபவர் யார்? பால் பெருகாமலே சீஸ் மட்டும் பெருகியது, பனை எண்ணெய் கலந்த சரக்கு கடைகளில் குவிந்தது. பசுமைக்குடில் தக்காளியிலும் வெள்ளரியிலும் நல்ல வளர்ச்சி வந்தது. அதை மறுக்கவில்லை.

அந்த வளர்ச்சிக்கு விலை கொடுத்தது யார்? ரஷ்யாவில் உணவு விலை 2014இல் 15.4 சதவீதமும் 2015இல் 14 சதவீதமும் ஏறியது. ரூபிள் வீழ்ச்சிக்கும் இதில் பங்குண்டு என்பது உண்மைதான். ஆனால் தடையின் பங்கை மட்டும் பிரித்துக் கணக்கிட்ட ரஷ்யப் பொருளியலாளர்கள் நத்தாலியா வோல்ச்கோவாவும் பொலினா குஸ்னெத்சோவாவும் ஆண்டுக்கு 445 பில்லியன் ரூபிள் நுகர்வோர் பையிலிருந்து போனதாகக் கண்டார்கள். தலைக்குச் சுமார் 3,000 ரூபிள். அதில் பெரும்பகுதி உள்நாட்டு உற்பத்தியாளருக்குப் போனது. சம்பளத்தில் பாதியை உணவுக்கே செலவிடும் குடும்பத்துக்குத்தான் இது மிகவும் வலிக்கும்.

ஐரோப்பா ஆடிப்போனதா? போலந்தின் ஆப்பிள் தோட்டக்காரர்களும் லித்துவேனிய, பின்லாந்துப் பால் பண்ணையாளர்களும் அடி வாங்கினார்கள். ஆனால் அவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது, வேறு சந்தைகள் திறந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் மொத்த உணவு ஏற்றுமதி 2015இல் கூடவே செய்தது. ரஷ்யா மீதான தன் தடைகளை ஒன்றியம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருந்தது. சரக்கும் முழுதாக நின்றுவிடவில்லை. கடலே இல்லாத பெலாரஸிலிருந்து ரஷ்யாவுக்கு இறால் வந்தது.

இந்தக் கள்ளச் சரக்கை ஒழிக்க 2015 ஆகஸ்டில் எல்லையிலேயே உணவை அழிக்கத் தொடங்கினார்கள். சீஸ் கட்டிகளின் மீது புல்டோசர் ஏறியது. இரண்டாம் உலகப் போரின் லெனின்கிராட் முற்றுகையில் லட்சக்கணக்கானோர் பசியால் செத்த நாடு அது. அந்தப் பசியைக் கண்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே தொலைக்காட்சியில் இதைக் காட்டினார்கள். ஏழைகளுக்காவது கொடுங்கள் என்று லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டுக் கேட்டும் அரசு இறங்கி வரவில்லை. இதற்குத் தேசப்பற்று என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

தன்னிறைவு கிடைத்துவிட்டது என்ற பேச்சும் நிற்காது. தடை அறிவித்த இரண்டே வாரத்தில் விதை உருளைக்கிழங்கையும் சால்மன் மீன்குஞ்சையும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், அவை இல்லாமல் விதைக்கவும் வளர்க்கவும் முடியாதென்பதால். சர்க்கரைக்கிழங்கு விதை பெரும்பாலும் வெளியிலிருந்தே வந்தது. 2023இல் முட்டை விலை எகிறி, துருக்கியிலிருந்தும் அஜர்பைஜானிலிருந்தும் முட்டை தருவித்தார்கள். புதினே மன்னிப்புக் கேட்டார்.

வல்லரசுகளின் மிரட்டலுக்கு எதிரான கவசம் இது என்று கடைசியாகச் சொல்வார்கள். 2017 டிசம்பரில் அந்தக் கவசம் இலங்கையை நோக்கித் திரும்பியது. உடல்நலம் கருதி 2018 ஜனவரி முதல் ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதியை நிறுத்த இலங்கை முடிவு செய்திருந்தது. உலகிலேயே அதிக ஆஸ்பெஸ்டாஸ் எடுக்கும் நாடு ரஷ்யா. தேயிலைச் சரக்கில் ஒரு வண்டைக் கண்டதாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களின் கூலி அந்தச் சந்தையை நம்பியிருக்கிறது. இலங்கை ஆஸ்பெஸ்டாஸ் முடிவைத் தள்ளிவைத்தது. அந்த மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது.