அடுத்த வீட்டுக்குக் கேட்காத கிதார்!

தாம்பரம் 2021-இல் மாநகராட்சி ஆயிற்று. பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் எல்லாம் அதில் சேர்ந்தன. எங்கும் அடுக்குமாடிகள். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முகிறார்கள்! இங்கே எலெக்ட்ரிக் கிதார் பழகுவது எப்படி?

இந்த வாத்தியத்துக்குத் தனியாகக் குரல் கிடையாது. கம்பியின் அதிர்வு மின்சாரமாகி ஒலிபெருக்கிக்குப் போகிறது. வால்வு ஒலிபெருக்கியை முழு மூச்சில் முடுக்கினால் ஒலி நசுங்கிக் கரகரக்கும். கலைஞர்கள் விரும்புவது அந்தக் கரகரப்பைத்தான். ஆனால், தெருவே விழித்துக்கொள்ளும்!

கணக்குப் போடும் கம்ப்யூட்டர்

வால்வு செய்யும் வேலையைக் கம்ப்யூட்டர் கணக்காகப் போட்டுவிடுகிறது. 1998-இல் அமெரிக்காவின் ‘லைன் 6’ கம்பெனி இதற்கென ‘ஆம்ப் ஃபார்ம்’ என்ற மென்பொருளை வெளியிட்டது. இன்று ‘நியூரல் ஆம்ப் மாடலர்’ இலவசமாகவே கிடைக்கிறது. கிதாரைக் கம்ப்யூட்டருடன் இணைக்க ஒரு சிறு பெட்டி வேண்டும். ஒலி ஹெட்போனில் மட்டும் கேட்கும்.

ஒலியை வினாடிக்கு 48,000 துணுக்குகளாக நறுக்கி, 128 துணுக்குகள் கொண்ட கட்டுகளாகக் கணக்குப் போடலாம். ஒரு கட்டின் நேரம் 3 மில்லி வினாடிக்கும் குறைவு. அதற்குள் ஒலி காற்றில் மூன்றடிதான் போகும். பழைய கம்ப்யூட்டர் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. விரல் முந்தும், ஒலி பிந்தும்.

தோழன் எங்கே?

வசதி உள்ளவர்களுக்கே கிட்டிய ஒலி சாதாரண வீட்டுப் பையனுக்கும் கிடைப்பது நல்லதே. ஆனால், ஹெட்போனுக்குள் தாளம் தவறினால் திருத்த ஆள் இல்லை. இயந்திரம் ஒலியைக் கொடுக்கும்; கூட வாசிக்கும் தோழனைக் கொடுக்காது. மாநகராட்சியாகிவிட்ட ஊரில், நாலு பிள்ளைகள் சேர்ந்து சத்தமாக வாசித்துப் பழக ஓர் அறை வேண்டாமா?