மஞ்சள் அட்டையைப் படிக்கவும் வேண்டும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் காய்கறித் தோட்டங்களில் மஞ்சள், நீல நிற ஒட்டுப்பொறிகள் இன்று புதுமையல்ல. வெள்ளை ஈ, அசுவினி, தத்துப்பூச்சி ஆகியவற்றை மஞ்சள் நிறமும், இலைப்பேனை நீல நிறமும் ஈர்க்கின்றன. பசை தடவிய அட்டையில் வந்து அமரும் பூச்சி மீள்வதில்லை. ஆயினும் அட்டையைக் கட்டிவிட்டால் பூச்சி ஒழிந்துவிடும் என்னும் நம்பிக்கையை என்னால் ஏற்க இயலவில்லை. என் கருத்தில், அது முதலில் ஒரு கணக்கேடு.

தக்காளியையே எடுத்துக்கொள்வோம். இலைச்சுருள் நோயைப் பரப்புவது வெள்ளை ஈ. அந்நச்சுயிரி செடிக்குள் புகுந்துவிட்டால் அதைக் குணமாக்கும் மருந்து எதுவும் இல்லை. இளம் பருவத்திலேயே தாக்குண்ட செடி காய்ப்பதே அரிது. எனவே ஈ எப்போது தோட்டத்துக்குள் வருகிறது என்பதை அறிவதே முக்கியம். ஏக்கருக்கு நான்கைந்து அட்டைகளைப் பயிரின் நுனிக்குச் சற்று மேலே கட்டி, பயிர் வளர வளர உயர்த்தி, வாரம் இருமுறையேனும் எண்ணிக்கையைக் குறித்து வந்தால் அது தெரிந்துவிடும். பூச்சியைப் பெருமளவில் பிடிப்பதே நோக்கமெனில் இதைவிடப் பல மடங்கு அட்டைகள் தேவைப்படும்.

நடைமுறையில் நிகழ்வது வேறு. அட்டை ஒருபுறம் தொங்க, மறுபுறம் நாள் தவறாமல் மருந்து தெளிக்கப்படுகிறது! அட்டையில் ஈ இல்லாத வாரத்தில் தெளிக்கும் மருந்து வீண் செலவு. அது நன்மை செய்யும் பூச்சிகளையும் கொன்று, ஈயின் எதிர்ப்புத் திறனையும் வளர்க்கிறது. தூசியும் செத்த பூச்சிகளும் மூடிய அட்டை எதையும் பிடிக்காது. அதை மாற்றியாக வேண்டும். தகரத்தில் மஞ்சள் வண்ணம் பூசி விளக்கெண்ணெய் தடவும் பழைய முறையும் போதுமானதே. தேனீயும் ஒட்டுண்ணிக் குளவியும் இவற்றில் சிக்குவதுண்டு என்பதால், தேவைக்கு மேல் கட்டுவதும் நன்றன்று. காய்க்குள் புகும் புழுவை இவ்வட்டைகள் தடுக்கமாட்டா. அதற்கு இனக்கவர்ச்சிப் பொறி வேண்டும்.

வங்கி வாடிக்கையாளருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். 2023 ஜூலையில் மதனப்பள்ளிச் சந்தையில் தக்காளி கிலோ 150 ரூபாயைக் கடந்தது. பறிகூலிக்கும் கட்டாத விலையில் விற்ற பருவங்களையும் அதே சந்தை கண்டிருக்கிறது. விலை உழவர் கையில் இல்லை. மருந்துச் செலவு பெரிதும் அவர் கையில்தான் இருக்கிறது. உழவர் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க் கடனைக் குறித்த நாளில் செலுத்துவோர்க்கு வட்டி 7 விழுக்காட்டிலிருந்து 4 ஆகக் குறைகிறது. நோயால் மகசூல் இழந்தவர் தவணையோடு அச்சலுகையையும் இழக்க நேரிடும்.

ஆகவே, பயிர்க் கடன் அளவை ஆண்டுதோறும் வகுக்கும் மாவட்டத் தொழில்நுட்பக் குழுக்கள், காய்கறிப் பயிர்களுக்கு ஒட்டுப்பொறிச் செலவைத் தனி இனமாகக் காட்டலாம். மானியத்தில் அட்டை வழங்கும்போது, எண்ணிக்கையைக் குறித்து வைக்க ஒரு தாளையும் உடன் வழங்கினால் நன்று. அத்தாளைத் திருப்பதி மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலோ, அருகிலுள்ள வேளாண் அலுவலரிடமோ காட்டி, தெளிப்பதா வேண்டாமா எனக் கேட்டறியலாம்.