கிளட்ச்சை நான் பார்த்துக்கிறேன்

“ஸ்டியரிங்க மட்டும் புடிங்க மேடம், கிளட்ச்ச நான் பாத்துக்கிறேன்.” தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் கார் பழகப் போன என் மாணவிகளும் சக ஆசிரியைகளும் திரும்பத் திரும்பச் சொன்ன வாக்கியம் இது. கனிவாகத்தான் சொல்கிறார்கள். நான் இதை மோசடி என்பேன்.

பயிற்சிக் காரில் இரட்டைக் கட்டுப்பாடு வேண்டும் என்கிறது சட்டம். ஆபத்தில் பக்கத்திலிருப்பவர் வண்டியை நிறுத்துவதற்காக வைத்தது அது. அதைக்கொண்டு நம் இடதுகாலின் வேலை முழுவதையும் அவரே செய்துவிடுகிறார். பணம் கட்டியது நாம், பழகியது அவர் கால்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 சொந்த வண்டி ஓட்டப் பழகுபவருக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சி, அதில் 10 மணி நேரமாவது நிஜமாக ஓட்டுவது என்கின்றன. தேர்வில் எல்லா கியர்களையும் போட்டுக் காட்ட வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்பவும் வேண்டும். ஆண்பிள்ளைக்கு இந்த 21 நாள் போனாலும் நஷ்டமில்லை. மாமாவின் டாடா ஏஸ் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலி மைதானம் இருக்கிறது, எங்காவது இடித்தாலும் “கத்துக்கிறான்.” பெண்ணுக்கு அந்த 21 நாள்தான்.

கியர் மாற்றப் பலம் வேண்டாம். கிளட்ச்சை முழுக்க மிதித்தால் எஞ்சின் சக்கரத்திடமிருந்து பிரிகிறது. மெல்ல விட்டால் ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் தணிந்து வண்டி லேசாக அதிரும். வண்டிக்கு வண்டி மாறும் அந்த இடத்தை உங்கள் பாதம்தான் கண்டுபிடிக்க வேண்டும். எஞ்சின் திணறினால் கியரை இறக்க வேண்டும், இரைந்தால் ஏற்ற வேண்டும். அடுப்படியில் குக்கர் விசிலை எண்ணும் காது நமக்குப் பிறவியிலேயே உண்டென்பவர்கள், எஞ்சினுக்கு மட்டும் ஏன் ஆண் காது தேடுகிறார்கள்?

மாலையில் பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலை நகராது. பாலத்து ஏற்றத்தில் நிற்கிறீர்கள். பின்னால் மாநகரப் பேருந்தின் ஹாரன். ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைப் பிடித்துவைத்தால் கிளட்ச் கருகும். ஹேண்ட் பிரேக், முதல் கியர், கொஞ்சம் ஆக்சிலேட்டர், அதிர்வு வந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுவது. காலி மேட்டில் இருபது தடவை செய்தால் வந்துவிடும். அந்த இருபது தடவைதான் நமக்குத் தரப்படவில்லை. பிறகு வண்டி ஒருமுறை ஆஃப் ஆனதும் வீட்டுக்காரர் சாவியை வாங்கிக்கொள்கிறார். லைசென்ஸ் பீரோவில் புடவைக்கு அடியில் போகிறது.

“லேடீஸுக்கு ஆட்டோமேட்டிக் வாங்கிட்டா போச்சு” என்று ஒரு சமாதானம். வாங்குங்கள், முழங்காலுக்கு நல்லது. ஆனால் அது ஒரு வசதி. பெண்ணின் குறைக்கு வைத்தியம் அல்ல. வீட்டுப் பழைய காரும், சம்பளத்துக்கு ஓட்டக் கிடைக்கும் வேனும் பெரும்பாலும் கிளட்ச் வைத்தவையே. கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993இல் அரசுப் பேருந்து ஓட்டுநரானார். அவருக்கு யாரும் கிளட்ச்சைப் பார்த்துக்கொள்ளவில்லை.

பணம் கட்டுமுன் கேளுங்கள்: எந்த ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பப் பழக்குவீர்கள்? எத்தனை தடவை? முதல் வாரம் வண்டி எத்தனை முறை அணைந்தாலும் அணையட்டும். ஆபத்தில்லாத இடத்தில் அவர் கால் தரையில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஏறுங்கள்.