பயத்தை விற்றுப் பிழைக்கும் வியாபாரம்

ராயப்பன்பட்டியில் விடியுமுன்பே அடுப்பு எரிகிறது. தூக்குச் சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு பெண்கள் தெருமுனைக்கு வருகிறார்கள். சிலருக்கு உள்ளூர்த் திராட்சைப் பந்தலில் வேலை. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து மற்றும் பலர் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைப்பாதையின் வளைவுகளைத் தாண்டி, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். பொழுது சாய்ந்து வீடு திரும்புகிறார்கள்.

இவர்களில் ஒரு சகோதரியை நினைத்துப் பார்ப்போம். என்றோ ஒரு நாள் அவள் போன ஜீப் மலை வளைவில் சறுக்கிப் பள்ளத்தின் விளிம்பில் நின்றது. யாருக்கும் பெரிய அடி இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஜீப்பின் சத்தம் கேட்டாலே அவளுக்கு நெஞ்சு படபடக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது, மூச்சு முட்டுகிறது, கால் எழ மறுக்கிறது. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. கூலி இல்லாத வீட்டில் உலை கொதிப்பதில்லை.

வீட்டார் என்ன சொல்கிறார்கள்? "வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறாள்" என்கிறார் ஒருவர். "காத்துக் கருப்பு அடித்துவிட்டது" என்கிறார் இன்னொருவர். இந்தச் சமயத்தில்தான் வியாபாரி வந்து சேருகிறான். ஒருவன் உடுக்கையோடும் வேப்பிலையோடும் வருகிறான். இன்னொருவன் டவுனில் லாட்ஜ் அறை எடுத்து, "எப்பேர்ப்பட்ட பயமும் ஒரே நாளில் தீரும்" என்று நோட்டீஸ் ஒட்டுகிறான். மூன்றாமவன் கோட்டும் டையும் அணிந்து, செல்போன் திரையில் தோன்றி, "ஆழ்மனச் சிகிச்சை" என்று புதுப் பெயர் சூட்டி விற்கிறான். உடைதான் வேறு, சரக்கு ஒன்று.

இதற்கெல்லாம் ஒரு தலையங்கமா என்று சில தோழர்கள் கேட்கலாம். கூலிப் பிரச்சினை இருக்கிறது, வீட்டுமனைப் பிரச்சினை இருக்கிறது, இது என்ன பிரமாதம் என்று நினைக்கலாம். உழைப்பாளியின் கூலியைப் பறிக்கிற எதுவும் நமது பிரச்சினைதான். கந்து வட்டிக்குக் கடன் வாங்கித் தாயத்துக்குக் கொட்டும் பணம் வியர்வை சிந்திச் சம்பாதித்த பணம். அதைக் கொள்ளையடிப்பவனைப் பற்றி நாம் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். இப்படிப்பட்ட பயம் கோழைத்தனம் அல்ல, பேயும் அல்ல. நூற்பாலையில் சக தொழிலாளியின் விரல் இயந்திரத்தில் சிக்கியதைக் கண்ணால் கண்டவர், பிறகு அந்த இயந்திரத்தின் பக்கம் போகவே நடுங்குகிறார். கிணறு வெட்டும்போது மண் சரிவில் சிக்கி மீண்டவர், கதவு சாத்திய அறையில் இருக்க முடியாமல் தவிக்கிறார். ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிறவர் உண்டு. ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவர் உண்டு. பூனையைக் கண்டு அலறுகிறவர், பறவை இறகைத் தொட அஞ்சுகிறவர், தேனடையில் உள்ளது போன்ற துளைகளைப் பார்த்தால் உடம்பு கூசுகிறவர், சட்டைப் பொத்தானைக் கண்டு ஒதுங்குகிறவர் கூட உலகில் இருக்கிறார்கள். கேட்பவருக்குச் சிரிப்பு வரலாம். அனுபவிப்பவருக்கு அது மரண வேதனை.

இந்தப் பயம் எப்படி உண்டாகிறது? சோவியத் நாட்டின் மாபெரும் விஞ்ஞானி பாவ்லோவின் ஆராய்ச்சிக் கூடத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். 1924 செப்டம்பரில் லெனின்கிராட் நகரில் பெருவெள்ளம் வந்தது. பாவ்லோவின் நாய்கள் அடைக்கப்பட்டிருந்த கொட்டடிகளில் தண்ணீர் புகுந்தது. கூண்டுக்குள் மூழ்கும் நிலையிலிருந்த நாய்களை ஊழியர்கள் பாடுபட்டுக் காப்பாற்றினார்கள். வெள்ளம் வடிந்தது. ஆனால் சில நாய்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பல மாதம் கற்ற பழக்கங்களைக் கூட இழந்துவிட்டன. பொறுமையாகப் பழக்கி அவற்றைத் தேற்றினார்கள். பிறகு ஒரு நாள் சோதனைக்காகக் கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரை ஒழுகவிட்டார்கள். அவ்வளவுதான், நாய் மறுபடியும் நடுங்கத் தொடங்கியது.

அந்த நாய்க்கு யார் செய்வினை வைத்தார்கள்? எந்த முனி அடித்தது? வெள்ளம் என்ற நிஜமான ஆபத்து மூளையில் பதிந்துவிட்டது. ஆபத்து போன பிறகும் அதன் சாயலைக் கண்டதும் உடம்பு துடிக்கிறது. நமது சகோதரிக்கு ஜீப் சத்தம் செய்வதும் இதுதான்.

எல்லாப் பயத்துக்கும் இப்படி ஒரு சம்பவம் காரணமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பயம் வளரும் வழி ஒன்றுதான். ஜீப்பில் ஏறாமல் வீடு திரும்பினால் மனதுக்கு உடனே நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே பயத்துக்கு எருவாகிறது. ஒவ்வொரு முறை ஒதுங்கும்போதும் பயம் ஒரு அங்குலம் உயர்கிறது.

அப்படியானால் தீர்க்கும் வழியும் தெரிகிறது. அதே 1924-ம் வருஷத்தில் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார், முயலைக் கண்டு அலறிய ஒரு சின்னஞ்சிறு பையனின் பயத்தைப் போக்கிய விவரத்தை வெளியிட்டார். பையன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைத்தார். நாளுக்கு நாள் கொஞ்சம் அருகே கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலைத் தடவிக்கொடுத்தான். ஜோசப் வோல்ப் என்ற டாக்டர் 1958-ல் இதைப் படிப்படியான சிகிச்சை முறையாக வகுத்து நூல் எழுதினார். இன்றும் இத்தகைய பயங்களுக்கு மனநல டாக்டர்கள் கைக்கொள்ளும் முக்கியமான வழி இதுதான்.

ஜீப்பைக் கண்டு பயப்படுகிறவர் முதல் நாள் நிற்கும் ஜீப்பின் பக்கத்தில் நிற்க வேண்டும். படபடப்பு அடங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். அது பழகிய பின் எஞ்சின் ஓடாத வண்டியில் உட்கார வேண்டும். பிறகு ஊர் எல்லை வரை, பிறகு அடிவாரம் வரை போக வேண்டும். யாரும் பிடித்துத் தள்ளக் கூடாது; கேலி செய்யக் கூடாது. துணைக்கு ஒருவர் இருந்தால் போதும். ரத்தம் கண்டு மயங்குகிறவருக்கு இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதுதான் காரணம். அவர் கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்கிப் பத்துப் பதினைந்து விநாடி பிடித்து, பிறகு தளர்த்தி, மறுபடியும் இறுக்கினால் மயக்கத்தைத் தடுக்கலாம். இதில் மந்திரமும் இல்லை, ஆயிரக்கணக்கில் செலவும் இல்லை. பயம் முற்றியவருக்கு டாக்டர் உதவி வேண்டும். அதையும் சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே பெறுவது அவரது உரிமை.

வியாபாரி என்ன செய்கிறான்? பயத்தைப் போக்குவதாகச் சொல்லி முதலில் பயத்தை வளர்க்கிறான். "உனக்கு வேண்டாதவர் செய்வினை வைத்திருக்கிறார்" என்கிறான். ஜீப்புக்குப் பயந்தவள் இப்போது பக்கத்து வீட்டுக்காரிக்கும் பயப்படுகிறாள். ஒரே தோட்டத்தில் ஒரே கூலிக்குப் பாடுபடுகிறவர்கள் ஒருவரையொருவர் சந்தேகப்படுகிறார்கள். இதனால் லாபம் யாருக்கு? பூசை முடிந்த இரவு நெஞ்சு லேசாக இருப்பது உண்மை. நம்பிக்கை கொடுத்த ஆறுதல் அது. மறுநாள் ஜீப் வந்து நின்றதும் பயம் திரும்புகிறது. "பரிகாரம் இன்னும் பாக்கி இருக்கிறது" என்று வியாபாரி மறுபடியும் கை நீட்டுகிறான்.

குழந்தை பயந்து அழுதால் திருநீறு பூசித் தடவிக்கொடுக்கும் பாட்டியை நாம் குறை சொல்லவில்லை. கோவிலுக்கோ மாதா கோவிலுக்கோ தர்காவுக்கோ போய் மன ஆறுதல் பெறுகிறவர்களை நாம் கேலி செய்யவும் இல்லை. அவர்களுடைய துயரத்துக்கு விலை பேசுகிறவனைத்தான் எதிர்க்கிறோம்.

இந்த வியாபாரத்தை விட்டுவைத்தால் எங்கே போய் முடியும் என்பதைத் தமிழ்நாடு கண்ணால் கண்டிருக்கிறது. இங்கே சொல்லும் பயமும் கடுமையான மனநோயும் ஒன்றல்ல. ஆனால் இரண்டையும் வைத்துப் பிழைப்பவர்களின் சந்தை ஒன்றுதான். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் விடுதியின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைத்திருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் கல்நெஞ்சம் படைத்தவை அல்ல. வைத்தியம் எங்கே கிடைக்கும் என்று தெரியாத, தெரிந்தாலும் எட்டாத குடும்பங்கள். தீ விபத்துக்குப் பிறகுதான் அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. 28 உயிர் போன பிறகுதான் சர்க்கார் கண் விழித்தது!

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். தண்ணீரைக் கண்டு நடுங்கும் எல்லோருக்கும் மனப்பயம் என்று நினைத்துவிடக் கூடாது. நாய் கடித்தவருக்குப் பின்னால் அப்படி நடுக்கம் வந்தால் அது வெறிநாய்க்கடி நோய். அது வெளிப்பட்ட பின் பிழைப்பது அரிதிலும் அரிது. கடித்த உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட வேண்டும். அந்த நேரத்தில் மந்திரிக்கப் போனால் உயிர் போகும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1954-ம் வருஷத்திலேயே மருந்துகள், மந்திர வைத்தியங்கள் விளம்பரத் தடைச் சட்டம் வந்தது. நரம்புக் கோளாறு, மூளைக் கோளாறு, ஹிஸ்டீரியா, சித்தப்பிரமை ஆகியவை அதன் பட்டியலில் இருக்கின்றன. அவற்றைத் தாயத்தாலும் மந்திரத்தாலும் கவசத்தாலும் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது குற்றம். முதல் தடவைக்கே 6 மாதம் வரை சிறை உண்டு. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், சர்க்கார் செலவில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. ஆனாலும் சுவரெங்கும் நோட்டீஸ், திரையெங்கும் விளம்பரம். சட்டம் புத்தகத்தில் தூங்குகிறது. வியாபாரி பகிரங்கமாக நடமாடுகிறான். இந்த நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல டாக்டர் கூட இல்லை. டாக்டர் இல்லாத இடத்தில் மந்திரவாதி கடை விரிப்பதில் ஆச்சரியம் என்ன?

கடைசியாக, மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். எல்லாப் பயமும் நோய் அல்ல. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய ஜீப்பில் ஏற அஞ்சுவது நோயா? அது அறிவு! மூடியில்லாத பல் சக்கரத்தின் அருகே கை வைக்க அஞ்சுவது நோயா? அது உயிர் மேல் உள்ள அக்கறை! ஆபத்தான இயந்திரங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதினார்கள். இங்கே சிகிச்சை தேவைப்படுவது தொழிலாளியின் மனதுக்கு அல்ல, ஜீப்புக்கும் இயந்திரத்துக்கும்தான். பழுதான வண்டியை அப்படியே விட்டுவிட்டு, அதில் ஏறத் தைரியம் கொடுக்கிறேன் என்கிறவன் முதலாளியின் ஏவலாள்.

ஆகவே நாம் கோருகிறோம்: கம்பம், உத்தமபாளையம் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், கூலிக்காரர்கள் வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில் மனநலச் சிகிச்சை கிடைக்க வேண்டும். 1954-ம் வருஷச் சட்டத்தின்படி போலி விளம்பரக்காரர்கள் மீது வழக்குத் தொடர வேண்டும். மகாராஷ்டிரம் 2013-லும் கர்நாடகம் 2017-லும் நிறைவேற்றியது போல, மூடநம்பிக்கையைக் காட்டிச் சுரண்டுவதற்கு எதிரான சட்டம் தமிழ்நாட்டிலும் வேண்டும். ஏலத் தோட்டத் தொழிலாளருக்குப் பாதுகாப்பான வண்டியைத் தோட்ட முதலாளிகள் செலவில் ஏற்பாடு செய்ய வேண்டும்.

சர்க்கார் செய்யும்வரை நமது சங்கங்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் மனநல ஆலோசனை கிடைக்கிறது; அந்த எண்ணை ஒவ்வொரு சங்கப் பலகையிலும் எழுதி வையுங்கள். க.விலக்கில் உள்ள தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவருக்குத் துணையாக ஒரு தோழரை அனுப்புங்கள். ஜீப்பைக் கண்டு நடுங்கும் சகோதரியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நாளைக் காலை அவள் பக்கத்தில் போய் நில்லுங்கள். முதல் நாள் அவள் ஏறாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த நாளும் நில்லுங்கள்.

தனியாக நிற்கிறவனிடம்தான் தாயத்து விலை போகும். பக்கத்தில் தோழர் நிற்கும் இடத்தில் பயத்தை விற்கிறவனுக்கு வேலை இல்லை!